பனிக்காலையில் மக்கர் செய்யும் பழைய கார்: பேட்டரியை மாற்றும் முன் இதையெல்லாம் பாருங்கள்!

மார்கழி, தை மாதங்களில் கிருஷ்ணகிரி மாவட்டம் தளி பக்கம் போனவர்களுக்குத் தெரியும், அங்கே விடியற்காலைக் குளிர் எப்படி இருக்கும் என்று. தோட்டத்தில் முட்டைக்கோஸ் இலை மேல் பனி முத்து முத்தாக நிற்கும். ஆறு மணிக்குக்கூட ஐந்தடி தள்ளி நிற்பவரின் முகம் தெரியாது.

அந்தப் பகுதியில் ஒன்றரை ஏக்கரில் காய்கறி சாகுபடி செய்யும் ஒரு குடும்பம். வீட்டில் அப்பா காலத்து டீசல் அம்பாசிடர் கார் நிற்கிறது. சந்தைக்குக் கொத்தமல்லிக் கட்டும் பீன்ஸும் அதில்தான் போகும். ஊரில் யாருக்காவது பிரசவ வலி வந்தாலும் அதைத்தான் கூப்பிடுவார்கள். ஒன்றரை வருடமாக அதற்கு இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. வீட்டுப் பெரியம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரத்தில் இரண்டு நாள் ஓசூரில் டயாலிசிஸ். காலை ஏழு மணிக்குள் படுக்கையில் இருக்க வேண்டும்.

தை மாதம் முதல் வாரம். விடியற்காலை ஐந்து மணிக்குச் சாவியைத் திருப்பினால், 'ர்ர்... ர்ர்...' என்று இன்ஜின் இரண்டு சுற்று சோம்பலாகச் சுற்றியது. பிறகு 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். அவ்வளவுதான். அக்கம்பக்கத்தினர் நான்கு பேர் வந்து தள்ளிப் பார்த்தும் பலனில்லை. அன்றைக்குப் பால் வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டு போனதால் அம்மாவுக்கு டயாலிசிஸ் தவறவில்லை.

அதே கார் காலை பத்து மணிக்கு, வெயில் ஏறிய பிறகு, ஒரே சாவியில் கிளம்பியது!

"பேட்டரி போயிடுச்சு, மாத்திடுங்க" என்றார் கடைக்காரர். உருளைக்கிழங்கு விதைக்கு எடுத்து வைத்திருந்த பணத்திலிருந்து ஆறாயிரத்துச் சொச்சம் கொடுத்துப் புதுப் பேட்டரி போட்டார் அந்த விவசாயி. நான்கு நாள் பிரமாதமாக ஓடியது. ஐந்தாவது நாள் காலை மறுபடியும் 'டக்'. "அப்படின்னா செல்ஃப் மோட்டார்தான். புதுசு போட்டுடலாம்" என்றார் இன்னொருவர்.

இலை மஞ்சளானதும் யூரியாவை அள்ளிப் போடுகிறோமே, அதே கதைதான் இது. மஞ்சளுக்குக் காரணம் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். வேரில் தண்ணீர் தேங்கியும் இருக்கலாம். வேரைப் பிடுங்கிப் பார்க்காமல் உரம் போட்டால் காசுதான் கரையும்.

குளிரில் மட்டும் ஏன்?

குளிர் மூன்று பக்கமும் அடிக்கும். முதலாவது, பேட்டரி. உள்ளே நடப்பது ரசாயன வினை. குளிர்ந்தால் அது மந்தமாகும். உதகையில் உறைபனி விழும் நாள்போல் 0 டிகிரிக்கு இறங்கினால், பேட்டரியின் திறனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். தளி, ஏற்காடு போன்ற இடங்களில் இவ்வளவு குறையாது, ஆனாலும் குறையும்.

இரண்டாவது, இன்ஜின் ஆயில். குளிரில் ஆயில் கெட்டியாகிவிடும். அதே இன்ஜினைச் சுற்ற செல்ஃப் மோட்டார் அதிக மின்சாரம் கேட்கும்.

மூன்றாவது, டீசல் இன்ஜினின் குணம். அதில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்தும்போது உண்டாகும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு சிலிண்டர் சுவரிலேயே போய்விடும். இதற்கு உதவத்தான் ஹீட்டர் பிளக் வைத்திருக்கிறார்கள்.

ஆக, பேட்டரி குறைவாகக் கொடுக்கும் நேரத்தில் இன்ஜின் அதிகமாகக் கேட்கிறது. பகலில் ஒளிந்திருக்கும் சின்னச் சின்னக் குறைகளெல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

ஹெட்லைட் எரிகிறதே, பிறகென்ன?

பலரும் ஏமாறும் இடம் இது. ஹெட்லைட் பளிச்சென்று எரிந்தால் ஒயரெல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். ஹெட்லைட்டுக்குத் தேவை 10 ஆம்பியர் அளவுதான். செல்ஃப் மோட்டாருக்கோ 200 ஆம்பியர், சில சமயம் அதற்கு மேலும் வேண்டும்.

மண் அடைத்த குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். குடம் பிடிக்கும் அளவுக்குத் தண்ணீர் வரும். வயலுக்குப் பாய்ச்ச முடியுமா? அதேபோல்தான் துருப்பிடித்த இணைப்பும். அதில் 0.005 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10 ஆம்பியர் போகும்போது இழப்பு 0.05 வோல்ட். கண்ணுக்கே தெரியாது. 200 ஆம்பியர் போகும்போது இழப்பு 1 வோல்ட். பனிக்காலையில் வண்டி நிற்பதற்கு இந்த ஒரு வோல்ட்டே போதும்.

"வண்டியை இங்க கொண்டு வராதே தம்பி!"

இரண்டாவது தடவை வண்டி நின்றதும், தேன்கனிக்கோட்டையில் நாற்பது வருடமாக ஆட்டோ எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் பெரியவரிடம் போனார் விவசாயி. "பாய், வண்டியை மத்தியானம் எடுத்துட்டு வரட்டுமா?" என்று கேட்டார்.

"வேணாம் தம்பி. ஓட்டிக்கிட்டு வந்தா இன்ஜின் சூடாயிடும். சீக்கு ஒளிஞ்சுக்கும். ராத்திரி வண்டி நிக்கிற இடத்துலயே நிக்கட்டும். யாரும் சாவியைத் தொடாதீங்க. நாளைக்குக் காலையில நானே வர்றேன்" என்றார் அவர்.

குளிர்ந்த வண்டியில் வரும் கோளாறைக் குளிர்ந்த வண்டியில்தான் பார்க்க முடியும். மறுநாள் விடியற்காலை ஒரு மல்டிமீட்டர், இரண்டு ஒயர் கோத்த 12 வோல்ட் பல்பு, உப்புத்தாள், ஸ்பேனர் செட் ஆகியவற்றோடு வந்து இறங்கினார். அவர் செய்த சோதனைகளை வரிசையாகப் பார்க்கலாம். சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் இருந்தால் யாரும் செய்யலாம்.

சோதனை 1: பேட்டரி ஓய்வில். இரவு முழுக்க நின்ற வண்டியில், எல்லா சுவிட்சும் அணைந்த நிலையில் அளக்க வேண்டும். 12.6 வோல்ட் அல்லது அதற்குச் சற்று மேல் இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12.0 என்றால் சார்ஜ் போட்டே ஆக வேண்டும். இந்த வண்டியில் காட்டியது 12.3. "பேட்டரி புதுசு. ஆனா வயிறு பாதிதான் நிறைஞ்சிருக்கு. சரியா சார்ஜ் ஏறலை" என்று குறித்துக்கொண்டார்.

சோதனை 2: பேட்டரி வேலையில். ஸ்டாப் குமிழை இழுத்துப் பிடித்துக்கொண்டு, வண்டி கிளம்பாதபடி செல்ஃப் அடிக்கச் சொன்னார். அப்போது பேட்டரி முனைகளில் 10.4 வோல்ட். 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். இங்கே விழவில்லை.

சோதனை 3: வழியில் எவ்வளவு கரைகிறது? மிக முக்கியமான சோதனை இது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் பிளஸ் ஈய முனை மீதே வைக்க வேண்டும். கிளாம்ப் மீது அல்ல. மறுமுனை செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டில். செல்ஃப் அடிக்கும்போது மட்டும் படிக்க வேண்டும். 0.5 வோல்ட்டுக்குள் இருந்தால் பரவாயில்லை. வந்தது 0.3.

அடுத்து எர்த் பக்கம். ஒரு முனை பேட்டரியின் மைனஸ் ஈய முனையில். மறுமுனை இன்ஜின் பிளாக்கில், பெயின்ட் இல்லாத இடத்தில். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். மீட்டர் காட்டியது 1.0!

கணக்குப் போட்டுப் பாருங்கள். பேட்டரியிலிருந்து கிளம்பிய 10.4 வோல்ட்டில், போகும் வழியில் 0.3, திரும்பும் வழியில் 1.0 கரைந்துபோனது. செல்ஃப் மோட்டாருக்குக் கிடைத்தது 9.1 மட்டுமே.

பாய் வண்டிக்கு அடியில் படுத்தார். இன்ஜின் ரப்பர் மவுன்டிங் மேல் உட்கார்ந்திருக்கும். ரப்பரில் மின்சாரம் போகாது. அதனால்தான் இன்ஜினையும் பாடியையும் இணைக்கப் பின்னல் எர்த் பட்டை ஒன்று போட்டிருப்பார்கள். அந்தப் பட்டையில் பாதி இழை அறுந்து, மீதி பச்சையாகப் பூத்துக் கிடந்தது. போல்ட்டுக்கு அடியில் துரு. புதுப் பட்டை போட்டு, போல்ட் உட்காரும் இடத்தைப் பளபளக்கும்வரை உப்புத்தாளால் தேய்த்து முறுக்கினார். மறுபடி அளந்ததும் 0.1 வோல்ட்.

பெட்ரோல் காரில் இந்தப் பட்டை அறுந்தால் ஒரு வேடிக்கை நடக்கும். செல்ஃப் மின்சாரம் திரும்ப வழி தேடி, சோக் கேபிள் அல்லது ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாக ஓடும். செல்ஃப் அடித்ததும் சோக் கேபிள் சூடாகிறது, புகைகிறது என்றால் வேறெங்கும் தேட வேண்டாம்; எர்த் பட்டையைப் பாருங்கள்.

சோதனை 4: ஹீட்டர் பிளக். பிளக்குகளை இணைக்கும் பட்டையைக் கழற்றிவிட்டு, பல்பின் ஒரு ஒயரை பேட்டரி பிளஸ்ஸிலும் மறு ஒயரை ஒவ்வொரு பிளக் முனையிலும் வைத்தார். பல்பு எரிந்தால் உள்ளே கம்பி அறுபடவில்லை. எரியாவிட்டால் பிளக் செத்துவிட்டது. நான்கில் இரண்டு எரியவில்லை. இந்த வண்டியில் பென்சில் வகை பிளக். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வழி என்பதால், ஒன்று போனாலும் மற்றவை வேலை செய்யும். மிகப் பழைய சுருள் வகை பிளக் என்றால் சீரியல் பல்பு மாதிரி. ஒன்று அறுந்தால் நான்கும் அணைந்துவிடும். அதில் ஒவ்வொரு பிளக்குக்கும் போவது மிகக் குறைந்த வோல்ட்டேஜ். அதனால் அந்த வகையை நேரடியாக 12 வோல்ட்டில் சோதிக்கக் கூடாது, எரிந்துவிடும்.

சோதனை 5: சார்ஜ் ஏறுகிறதா? இரண்டு பிளக்கும் மாற்றியபின், ஹீட்டரை 30 விநாடி போட்டுச் சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பியது. விவசாயி முகத்தில் சிரிப்பு. பாய் சிரிக்கவில்லை. "இரு தம்பி, இன்னும் முடியலை" என்று ஹெட்லைட்டைப் போட்டு, ஆக்சிலரேட்டரைச் சற்று மிதித்து அளந்தார். 12.9 வோல்ட். 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். இன்ஜினை நிறுத்தி ஃபேன் பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்தினால் தொளதொளவென்று இறங்கியது. நீளமான பக்கத்தின் நடுவில் அழுத்தினால் ஏறக்குறைய 12 மில்லிமீட்டர்தான் இறங்க வேண்டும். பெல்ட்டை இழுத்துக் கட்டியதும் 14.1 வந்தது.

புதுப் பேட்டரி நான்கு நாள் ஓடி ஐந்தாம் நாள் நின்றதற்குக் காரணம் இப்போது புரிகிறதா? கடையிலிருந்து வரும்போது முழு சார்ஜ். அந்தப் பலத்தில் கெட்டுப்போன எர்த்தையும் செத்த பிளக்குகளையும் சமாளித்தது. பெல்ட் தொளதொளத்ததால் செலவழிந்தது திரும்ப ஏறவில்லை. ஒரே பெரிய நோய் இல்லை; மூன்று சின்னக் குறைகள். எர்த் பட்டை, இரண்டு பிளக், கூலி எல்லாம் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. வாங்கவிருந்த செல்ஃப் மோட்டார் தேவைப்படவில்லை.

சத்தம் சொல்லும் சேதி

ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள்.

* லைட் அடியோடு அணைந்து, 'டக்' சத்தத்தோடு நின்றால்: பேட்டரி முனை, கிளாம்ப், எர்த் இணைப்பு அல்லது சார்ஜ் இல்லாத பேட்டரி.
* லைட் நன்றாக மங்கி இன்ஜின் மெதுவாகச் சுற்றினால்: பேட்டரி பலவீனம், கெட்டி ஆயில் அல்லது செல்ஃப் மோட்டார் உள்ளே உராய்வு.
* லைட் மங்கவே இல்லை, சத்தமும் இல்லை என்றால்: சாவி சுவிட்ச், சோலனாய்டு, அதற்குப் போகும் சிறு ஒயர் அல்லது செல்ஃப் மோட்டாரின் கார்பன் பிரஷ்.
* 'விர்ர்' என்று மோட்டார் மட்டும் சுற்றி, இன்ஜின் சுற்றாவிட்டால்: பழைய வகை செல்ஃபில் பல்சக்கரம் ஷாஃப்ட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். மண்ணெண்ணெயில் கழுவினால் சரியாகும். கிரீஸ் தடவக் கூடாது; குளிரில் அதுவே பசையாகும்.

செல்ஃப் அடித்த உடனே வண்டியை அணைத்துவிட்டு இணைப்புகளைக் கையால் தொட்டுப் பாருங்கள். எந்த இணைப்பு சுடுகிறதோ, அங்கேதான் மின்சாரம் விரயமாகிறது.

பெட்ரோல் கார் வைத்திருப்போருக்கு

இன்ஜின் வேகமாகச் சுற்றியும் பற்றவில்லை என்றால் தீப்பொறியைப் பாருங்கள். பனிக்காலையில் முதல் எதிரி ஈரம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உள்ளும் புறமும், பிளக் ஒயர்களிலும் பனி படிந்தால் மின்சாரம் ஈரத்தின் வழியே ஒழுகிவிடும். உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தாலே பல வண்டிகள் கிளம்பிவிடும். மூடியின் உள்ளே பென்சில் கோடு போலக் கறுப்புத் தடம் தெரிந்தால், துடைத்துப் பயனில்லை, மூடியை மாற்றுங்கள். இருட்டில் பானெட்டைத் திறந்து வைத்து இன்ஜினை ஓடவிட்டால், ஒழுகும் இடத்தில் நீலப் பொறி ஓடுவது தெரியும். அந்த நேரத்தில் ஒயரைக் கையால் தொட வேண்டாம்.

பழைய 1489 சி.சி. பெட்ரோல் அம்பாசிடரில் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், ஸ்பார்க் பிளக் இடைவெளி 0.6 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். செல்ஃப் இழுக்கும்போது வோல்ட்டேஜ் இறங்குவதால் காயிலுக்கும் குறைவாகவே கிடைக்கும். அதனால்தான் தேய்ந்த பாயிண்ட் பகலில் ஓடிவிடும், குளிரில் நின்றுவிடும்.

இரவில் ஒழுகும் மின்சாரம்

மாலையில் நன்றாக இருக்கும் பேட்டரி காலையில் இறங்கிப்போகிறதா? எல்லா சுவிட்சையும் அணைத்து, கதவுகளைச் சாத்திவிட்டு, பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி, ஒயருக்கும் முனைக்கும் இடையே சிறிய 12 வோல்ட் பல்பைக் கோத்துப் பாருங்கள். எரிந்தால் எங்கோ ஒழுகுகிறது. ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக எடுங்கள். எதை எடுத்ததும் பல்பு அணைகிறதோ, அந்த வழியில்தான் கோளாறு. டிக்கி விளக்கு, பின்னாளில் மாட்டிய டேப் ரெக்கார்டர், மொபைல் சார்ஜர் ஆகியவைதான் வழக்கமான குற்றவாளிகள். ஃப்யூஸ் எதை எடுத்தும் அணையாவிட்டால் ஆல்டர்னேட்டர் ஒயரைக் கழற்றிப் பாருங்கள்.

கவனம்!

* சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். அருகில் பீடி, தீக்குச்சி கூடாது.
* கியர் நியூட்ரலில், கைபிரேக் போட்ட நிலையில்தான் செல்ஃப் சோதனை செய்ய வேண்டும். பெட்ரோல் வண்டியில் காயிலின் பெரிய ஒயரை டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து கழற்றி இன்ஜினில் எர்த் செய்துவிடுங்கள்.
* பேட்டரியைக் கழற்றும்போது எர்த் ஒயரை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது கடைசியில் மாட்டுங்கள்.
* தோளில் கிடக்கும் துண்டு, முந்தானை ஆகியவை ஓடும் ஃபேனுக்கு அருகே போகக் கூடாது.
* ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். அரை நிமிடம் விட்டு மறுபடி அடியுங்கள்.

மாதம் ஒரு முறை, அரை மணி நேரம்

பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பூவை ஆப்ப சோடா கலந்த வெந்நீரால் கழுவுங்கள். பேட்டரி மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். சோடாத் தண்ணீர் உள்ளே போனால் ஆசிட் கெடும். முனையையும் கிளாம்பையும் உப்புத்தாளால் தேய்த்து, மாட்டி முறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். ஃபேன் பெல்ட்டை அழுத்திப் பாருங்கள். எர்த் பட்டையை அசைத்துப் பாருங்கள்.

வாசகர் கேள்விகள்

பேட்டரியில் தண்ணீர் குறைந்தால் போர் தண்ணீரோ, ஆசிட்டோ ஊற்றலாமா?

இரண்டும் கூடாது. போர் தண்ணீரில் உள்ள உப்பு தகடுகளைக் கெடுக்கும். பேட்டரியில் குறைவது தண்ணீர் மட்டுமே. ஆசிட் அங்கேயேதான் இருக்கிறது. டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள்.

எங்களிடம் உள்ள 1960-களின் காரில் பேட்டரியின் பிளஸ் முனையைத்தான் பாடியில் மாட்டியிருக்கிறார்கள். தவறாக மாட்டிவிட்டார்களா?

தவறல்ல. அந்தக் காலத்து பிரிட்டிஷ் வடிவமைப்புக் கார்கள் பலவற்றில் பிளஸ் எர்த்தான். மாற்றி மாட்டாதீர்கள். வேறு வண்டியிலிருந்து ஜம்ப்பர் ஒயர் கொடுக்கும்போது இரண்டு வண்டிகளின் பாடியும் ஒன்றையொன்று தொடக் கூடாது. பிளஸ்ஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ் என்பது மாறாது. புதிதாக ரேடியோவோ ஆல்டர்னேட்டரோ மாட்டும் முன் எலெக்ட்ரீசியனிடம் பிளஸ் எர்த் என்று சொல்லிவிடுங்கள்.

இந்தச் சோதனைகள் டிராக்டருக்கும் பொருந்துமா?

பேட்டரி, வோல்ட்டேஜ் இழப்பு, சார்ஜ் சோதனைகள் அப்படியே பொருந்தும். பல டிராக்டர்களில் ஹீட்டர் பிளக் இருக்காது. எனவே வேகமாகச் சுற்றுவது இன்னும் முக்கியம். எர்த் ஒயர் மாட்டிய போல்ட்டுக்கு அடியில் பெயின்ட் இருந்தால் சுரண்டிவிடுங்கள். கிளட்ச் மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும்படி பாதுகாப்பு சுவிட்ச் உள்ள டிராக்டரில், 'டக்' சத்தமும் வராவிட்டால் அந்த சுவிட்சையும் பாருங்கள். அதை ஒயர் போட்டுத் தாண்டி ஸ்டார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம். கியரில் இருந்தால் டிராக்டர் ஆள்மேல் ஏறிவிடும்.

தளி விவசாயியின் வீட்டில் இப்போது மல்டிமீட்டர் இருக்கிறது. டயாலிசிஸுக்கு முந்தைய நாள் மாலை, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் பானெட்டைத் திறந்து பேட்டரியை அளந்து, அடுப்படிச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் எழுதி வைக்கிறாள். அந்தத் தை மாதம் முடியும்வரை எண் 12.5-க்குக் கீழே இறங்கவில்லை. பாட்டியும் ஒரு நாள்கூட ஓசூருக்குத் தாமதமாகப் போகவில்லை.